பாக்கெட் பிஸ்டல் வாங்குமுன் பேன்ட்டை அளந்து பாருங்கள்

கேள்வி: ஹூஸ்டன் பக்கத்தில் சொந்தமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். வயது 54. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டேன். இரவு கடையை மூடிவிட்டு, அன்றைய பணத்தோடு கார் வரை தனியாக நடக்க வேண்டியிருக்கிறது. சட்டையை டக்-இன் செய்து ஃபார்மல் பேன்ட் போடுவதால் இடுப்பில் எதையும் மறைக்க முடியாது. பேன்ட் பாக்கெட்டில் வைக்கிற மாதிரி சின்ன பிஸ்டல் வாங்கலாம் என்றிருக்கிறேன். "இருப்பதிலேயே சின்னதை எடுங்கள், பாக்கெட்டில் இருப்பதே தெரியாது" என்கிறார் துப்பாக்கிக் கடைக்காரர். ரிவால்வர்தான் நம்பகமானது என்கிறார் ஒரு நண்பர். 9 மி.மீ.க்குக் குறைந்து எதுவும் வேண்டாம் என்கிறார் இன்னொருவர். எனக்கு இரண்டு கட்டைவிரல் மூட்டிலும் லேசான வாதம் உண்டு. ரேஞ்சில் பெரிய பிஸ்டலால் கொஞ்சம் சுட்டிருக்கிறேன், அவ்வளவுதான். வீட்டில் ஒன்பது வயதுப் பையன் இருக்கிறான். எதை வாங்குவது?

பதில்:

கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. பாக்கெட்டில் இருப்பது தெரியாதுதான். சுடும்போது நன்றாகத் தெரியும். பிஸ்டல் சிறுக்கச் சிறுக்கச் சுடுவது கடினமாகிக்கொண்டே போகும். எடை குறைவதால் அதே தோட்டா கையை அதிகமாக உதைக்கும். பிடியில் இரண்டு விரல்தான் நிற்கும், சுண்டுவிரலுக்கு இடமிருக்காது. முன் குறிமுள்ளுக்கும் பின் குறிமுள்ளுக்கும் இடையே சுமார் நான்கு அங்குலம்தான் இருக்கும் என்பதால், அங்கே ஒரு மில்லிமீட்டர் விலகினால் ஏழு கஜத்தில் இரண்டரை அங்குலம் தள்ளிப் போய் விழும். புதிதாகச் சுடுகிறவருக்குச் சின்னத் துப்பாக்கி ஏற்றது என்ற எண்ணம் எப்படியோ பரவிவிட்டது. நிஜத்தில் அது பழகியவர்களுக்கான கருவி.

எனவே உங்கள் பாக்கெட் தாங்குவதில் பெரியது எதுவோ அதைத்தான் வாங்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கும் வேலையை வீட்டில், நீங்கள் தினமும் போடும் பேன்ட்டை வைத்தே தொடங்கலாம்.

ஐந்தேகால் அங்குல நீளம், நான்கு அங்குலத்துக்குச் சற்று மேல் உயரம், ஒரு அங்குலத் தடிமன் வருமாறு அட்டைகளை வெட்டி அடுக்கி ஒட்டிக்கொள்ளுங்கள். இன்றைய .380 (9 மி.மீ.யைவிட வலு குறைந்த தோட்டா) பாக்கெட் பிஸ்டல்களின் அளவு ஏறத்தாழ இதுதான். பிஸ்டல் வடிவத்திலேயே வெட்டினால் இன்னும் நல்லது. கடைக்குப் போடும் பேன்ட்டின் முன் பாக்கெட்டில் இதை ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். கவனிக்க வேண்டியவை மூன்று. நின்றபடி கையை உள்ளே விட்டு அட்டையைப் பிடித்தால், பிடித்த கை சிக்காமல் வெளியே வருகிறதா? ஜீன்ஸிலும் இறுக்கமான பேன்ட்டிலும் பெரும்பாலும் வராது. வெறுங்கை வரும், பிடித்த கை வராது. இரண்டாவது, உட்காரும்போது பிடி மேலே துருத்திக்கொண்டு வருகிறதா? சாய்வாக வெட்டிய ஆழமில்லாத பாக்கெட்டில் வரும். மூன்றாவது, காரில் பெல்ட் போட்டு உட்கார்ந்து எடுக்க முயலுங்கள். பெரும்பாலும் முடியாது. இது பாக்கெட்டில் வைப்பதன் மிகப் பெரிய குறை. எந்த பிஸ்டல் வாங்கினாலும் இது தீராது. கடை வாசலிலிருந்து கார் வரை உதவும் ஏற்பாடு, காருக்குள் உட்கார்ந்ததும் ஏறக்குறைய பயனற்றதாகிவிடும். ஆகவே காரில் ஏறியதும் கதவைப் பூட்டி உடனே கிளம்புங்கள். அங்கேயே உட்கார்ந்து போன் பார்க்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பாக்கெட் சிறியதென்றால் பேன்ட்டை மாற்றுங்கள். தையல்காரரிடம் கொடுத்துக் கெட்டித் துணியில் ஆழமான பாக்கெட் வைக்கச் சொன்னாலும் போதும்.

இனி துப்பாக்கி. உங்கள் முன் இருப்பவை மூன்று வகை.

9 மி.மீ. தேர்ந்தெடுக்கச் சொன்ன நண்பர் தோட்டாவைப் பற்றிச் சொன்னது சரி. 9 மி.மீ. தோட்டாவுக்கு வலு அதிகம், விலையும் பொதுவாக .380ஐவிடக் குறைவு. ஆனால் உங்கள் பேன்ட்டை அவர் கணக்கில் எடுக்கவில்லை. 2018இல் வந்த சிக் சாவர் பி365 இந்த வகையில் பேர்போனது: 10+1 தோட்டா (மேகஸின் என்ற தோட்டாப் பெட்டியில் பத்து, குழலில் ஒன்று), காலியாக 17.8 அவுன்ஸ், அதாவது அரைக் கிலோ. தோட்டா நிரப்பினால் 600 கிராமைத் தாண்டும். ஃபார்மல் பேன்ட்டில் அது ஒரு பக்கமாகத் துணியை இழுக்கும். நடக்கும்போது தொடையில் இடிக்கும். பெல்ட்டில் மாட்டும் ஹோல்ஸ்டரில் (துப்பாக்கி உறையில்) வைக்க முடிந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். உங்களுக்கு அந்த வழி இல்லை.

ரிவால்வரில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642ஐ எடுத்துக்கொள்வோம். .38 ஸ்பெஷல், ஐந்து தோட்டா, காலியாக 14 அவுன்ஸுக்குச் சற்று மேல். சுத்தி உள்ளே மறைந்திருப்பதால் பாக்கெட்டில் எதிலும் மாட்டாது. ஸ்லைடு (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் உலோகப் பகுதி) இழுக்கும் வேலை இல்லை. மேல்மேல் விழுந்து மல்லுக்கட்டும் நிலையில் ஒருவர் உடம்போடு அழுந்தியிருந்தாலும் சுடும். பிஸ்டலில் அப்படி அழுந்தினால் ஸ்லைடு பின்னே தள்ளப்பட்டுச் சுடாமல் நின்றுவிடலாம். நண்பர் நம்பகம் என்று சொல்வது இதைத்தான். ஆனால் ட்ரிகர் ஒவ்வொரு முறையும் சுமார் 12 பவுண்டு இழுவை. துப்பாக்கியின் எடையே ஒரு பவுண்டு இல்லை என்பதால், இழுக்கும்போதே முனை ஆடும். அதோடு கட்டைவிரல் மூட்டு வாதக்காரருக்கு அந்த உதை நேராக மூட்டில் போய் இறங்கும். ரிவால்வர்தான் பிடிக்கிறது என்றால் +பி எனப்படும் அழுத்தம் கூடிய தோட்டாக்களைத் தொடாதீர்கள். 148 கிரெய்ன் (தோட்டாத் தலையின் எடை அளவு) வாட்கட்டர் தோட்டா உதை குறைவானது, போதுமான ஆழமும் போகும். முனை தட்டையாக இருப்பதால் மீண்டும் நிரப்ப நேரம் பிடிக்கும் என்பதுதான் அதன் குறை. எடை குறைந்த ரிவால்வரில் கடும் தோட்டா போட்டால் இன்னொரு சிக்கலும் உண்டு: சுடும் உதையில் மற்ற அறைகளில் உள்ள தோட்டாக்களின் ஈயத்தலை உறையை விட்டு முன்னே நகர்ந்து, உருளை சுழலாமல் பூட்டிக்கொள்ளும். அதைக் கையால் சட்டென்று சரிசெய்ய முடியாது.

மூன்றாவது வகை .380 பிஸ்டல். உங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். அதிலும் பழைய ஒற்றை வரிசை மேகஸின் ரகத்தை விட்டுவிட்டு, இப்போது வரும் 10+1 ரகத்தை எடுங்கள். ரூகர் எல்சிபி மேக்ஸ் 2021இல் வந்தது, 10.6 அவுன்ஸ், 2.8 அங்குலக் குழல். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பாடிகார்டு 2.0 2024இல் வந்தது, 9.8 அவுன்ஸ், 2.75 அங்குலக் குழல். இரண்டுமே தோட்டாவோடு 400 கிராம் அளவில் நிற்கும். 2008இல் வந்த முதல் எல்சிபியில் குறிமுள் என்று பெயருக்கு ஒரு மேடு இருந்தது. இவற்றில் முன் குறிமுள் இருட்டில் ஒளிரும் டிரிடியம். இரவில் பார்க்கிங்கில் அதற்குத் தேவை உண்டு. ட்ரிகரும் பழையதைவிட இலகு. அந்த இலகுவே ஓர் எச்சரிக்கை: ட்ரிகரை மூடும் ஹோல்ஸ்டர் இல்லாமல் இதைப் பாக்கெட்டில் போடக் கூடாது. பாடிகார்டு 2.0 கட்டைவிரல் சேஃப்டியோடும் (தவறிச் சுடாமல் தடுக்கும் சிறு லீவர்) இல்லாமலும் கிடைக்கிறது. உங்கள் மூட்டு அந்தச் சிறிய லீவரைத் தள்ளித் தள்ளிப் பழகத் தயாரா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சேஃப்டி உள்ளதை வாங்கிவிட்டு அதைத் தள்ளப் பழகாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

படங்களில் பார்த்து வால்தர் பிபிகே மேல் ஆசை வருகிறவர்கள் உண்டு. அழகான துப்பாக்கிதான். ஆனால் அதன் குழல் நிலையானது. வெடிப்பின் அழுத்தத்தை ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் இறுக்கமும் மட்டுமே தாங்க வேண்டும். அதனால் எடையும் அதிகம், ஸ்லைடு இழுப்பதும் கடினம். எல்சிபி போன்றவற்றில் சுடும் கணத்தில் குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு பிறகு பிரியும். அதே .380 தோட்டாவை இவ்வளவு குறைந்த எடையில் தாங்க முடிவது அதனால்தான்.

ஸ்லைடை இழுக்க முடியவில்லை என்று சொல்லும் பலருக்குப் பிரச்சினை பலத்தில் இல்லை, முறையில்தான். விரல் நுனிகளால் பின்பக்கத்தைக் கிள்ளி இழுக்காதீர்கள். பிஸ்டலை மார்புக்கு அருகே கொண்டு வாருங்கள். முனை பாதுகாப்பான திசையில் இருக்கட்டும், ட்ரிகரில் விரல் வேண்டாம். இடது உள்ளங்கையை ஸ்லைடின் மேல் கவிழ்த்து நான்கு விரலாலும் இறுக்குங்கள். இப்போது இடது கையை அசைக்காமல் வலது கையால் பிடியை முன்னே தள்ளுங்கள். கட்டைவிரலுக்கு இதில் வேலையே இல்லை. இப்படியும் வரவில்லையென்றால் இந்த வகை உங்களுக்கு வேண்டாம். குழல் மேலே தூக்கித் திறக்கும் பெரெட்டா டாம்கேட்டைப் பாருங்கள். .32 தோட்டா, வலு குறைவு. ஆனால் முதல் தோட்டாவை நேராகக் குழலிலேயே வைத்து மூடலாம். .32இல் ஹாலோ பாயின்ட் (முனையில் குழியோடு, பட்டதும் விரியும் தோட்டா) போடும்போது கவனம் தேவை: அந்தத் தோட்டாவின் அடி விளிம்பு சற்றுப் புடைத்தது. நீளம் குறைந்த ஹாலோ பாயின்ட் தோட்டா மேகஸினுக்குள் முன்னும் பின்னும் நகர்ந்து, ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் பின்னால் மாட்டிக்கொள்ளும்.

வாங்குமுன் ரேஞ்சில் இவற்றை வாடகைக்கு எடுத்துச் சுடுங்கள். ஒரு மேகஸினோடு நிறுத்தாமல் ஒவ்வொன்றிலும் 50 தோட்டா சுடுங்கள். முதல் பத்தில் எல்லாமே சுகமாகத் தோன்றும். நாற்பதாவதில்தான் மூட்டு பேசும். பிறகு ஐந்து அங்குல வட்டம் ஒன்றை ஐந்து கஜத்தில் வைத்து, ஐந்து வினாடிக்குள் ஐந்து தோட்டா. எந்தத் துப்பாக்கியில் இது திரும்பத் திரும்ப முடிகிறதோ அதை வாங்குங்கள். எல்சிபி மேக்ஸா பாடிகார்டா என்பதை இந்த வட்டம் தீர்மானிக்கட்டும்.

பழையது மலிவாகக் கிடைக்கிறது என்று முதல் தலைமுறை எல்சிபி யாராவது நீட்டினால் வரிசை எண்ணைப் பாருங்கள். 370 என்று தொடங்குபவை கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று 2008 அக்டோபரில் திரும்பப் பெறப்பட்டவை. சரிசெய்யப்பட்டதா என்று தெரியாமல் வாங்காதீர்கள்.

தோட்டாவில் .380க்கு ஒரு பழைய வியாதி உண்டு. உடல் தசைக்குப் பதிலாகச் சோதனையில் வைக்கும் 10 சதவீத ஜெலட்டினில் 12 முதல் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்பது எஃப்.பி.ஐ.யின் அளவுகோல். இவ்வளவு குட்டைக் குழலிலிருந்து கிளம்பும் .380 ஹாலோ பாயின்ட், விரிந்தால் பெரும்பாலும் அந்த ஆழம் போகாது. ஆழமாகப் போனால் விரிந்திருக்காது. ஃபெடரல் ஹைட்ரா-ஷாக் டீப் 99 கிரெய்ன், ஹார்னடி கிரிட்டிகல் டிஃபென்ஸ் 90 கிரெய்ன் இரண்டையும் உங்கள் பிஸ்டலில் சுட்டுப் பார்த்து, எது தடையில்லாமல் ஓடுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குழலில் நம்பகமாக ஓடுவதுதான் முதல் தகுதி. பயிற்சித் தோட்டா 150, கைவசம் வைக்கப்போகும் தோட்டா 50, மொத்தம் 200 சுட்டு ஒரு தடை கூட வராதபோதுதான் பாக்கெட்டுக்குள் போக வேண்டும். தடை வந்தால் துப்பாக்கியைக் குறை சொல்லுமுன் மணிக்கட்டைப் பாருங்கள். மணிக்கட்டு தளர்ந்தால் உதையில் முழுத் துப்பாக்கியும் பின்னே போய்விடும், ஸ்லைடு முழுத் தூரம் ஓடாது, காலி உறை நடுவில் சிக்கும். சின்ன பிஸ்டலில் இது அடிக்கடி நடக்கும். வலது கட்டைவிரல் ஸ்லைடில் உரசினாலும் இதே கதைதான்.

ஹோல்ஸ்டர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். அது மூன்று வேலை செய்ய வேண்டும்: ட்ரிகரை முழுவதும் மூட வேண்டும், பிடியை எப்போதும் மேல்நோக்கி நிறுத்த வேண்டும், உருவும்போது தான் பாக்கெட்டிலேயே தங்க வேண்டும். டிசான்டிஸ் நெமெசிஸ் போன்ற, வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் வெளித்துணி உள்ளவை இதற்காகவே வருகின்றன. துப்பாக்கியின் வடிவமும் வெளியே தெரியாது. வெளியே பர்ஸ் மாதிரி தெரியும். அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. சாவி, சில்லறை, பேனா எதுவுமே. ட்ரிகர் வளையத்துக்குள் சாவி நுழைந்து வெடித்த விபத்துகள் நிஜமானவை. சாவியை இடது பாக்கெட்டுக்கு மாற்றுங்கள். அதோடு ஒரு பெப்பர் ஸ்ப்ரேயும் அங்கேயே இருக்கட்டும். துப்பாக்கி எடுக்கத் தகுதியில்லாத தகராறுகள்தான் அதிகம் வரும்.

போடும் முறை இது: வெளியே மேஜை மேல் வைத்து பிஸ்டலை ஹோல்ஸ்டரில் செருகுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்துப் பாக்கெட்டில் இறக்குங்கள். பாக்கெட்டுக்குள் இருக்கும் ஹோல்ஸ்டரில் பிஸ்டலைத் திணிப்பது தொடையில் ஓட்டை போடும் வழி. இரவு எடுக்கும்போதும் இரண்டும் சேர்ந்தே வெளியே வரட்டும். உருவும்போது கையைத் தட்டையாக உள்ளே விட்டு, கட்டைவிரலை ஸ்லைடின் பின்பக்கம் வைத்தபடி இழுங்கள். முஷ்டியாகப் பிடித்தால் பாக்கெட் வாயில் சிக்கும். வெறும் துப்பாக்கியில், தோட்டாக்கள் வேறு அறையில் இருக்க, இதை வாரம் இரண்டு நாள் பத்து நிமிடம் பழகினால் போதும். உலர் பயிற்சியில் ட்ரிகர் இழுக்கலாமா என்பதைக் கையேட்டில் பாருங்கள். போலித் தோட்டா ஒன்று போட்டுக்கொள்வது நல்லது.

பாக்கெட் என்பது பஞ்சுத்தூசியின் வீடு. அதோடு ஹூஸ்டன் வியர்வை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தோட்டாவை இறக்கிவிட்டு, குழலுக்குள்ளும் ஸ்லைடின் பின்பக்க இடுக்கிலும் உள்ள தூசியைத் தூரிகையால் தட்டுங்கள். உலோகப் பகுதியை எண்ணெய் தடவிய துணியால் துடையுங்கள். எண்ணெய் கசியக் கசிய விட்டால் தூசி ஒட்டிப் பசையாகும். இறக்கும்போது முதலில் மேகஸின், பிறகு சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா நிற்கும் அறை). வரிசை மாறினால் உள்ளே ஒன்று மிஞ்சும், விபத்தும் அதில்தான். இன்னொன்று, பலர் கவனிக்காதது: ஒரே தோட்டாவைத் தினமும் இறக்கி மறுபடி சேம்பரில் ஏற்றினால் அதன் தலை கொஞ்சம் கொஞ்சமாக உறைக்குள் அமுங்கும். அழுத்தம் ஏறி ஆபத்தாகலாம். புதுத் தோட்டா ஒன்றோடு பக்கத்தில் வைத்து உயரத்தை ஒப்பிடுங்கள். குட்டையாகத் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், தகுதியுள்ள, 21 வயது நிறைந்தவர்கள் அனுமதி அட்டை இல்லாமலும் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் எல்டிசி (License to Carry) என்ற மாநில உரிம அட்டையை வாங்கிவிடுங்கள். காரணம் உங்கள் பையன்தான். பள்ளியைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்பது மத்தியச் சட்டம். மாநிலம் கொடுத்த உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. பையனை இறக்கிவிடும் பாதையில் அந்த அட்டைதான் உங்களைக் காக்கும். கட்டிடத்துக்குள் எப்படியும் கூடாது. மாநிலக் கட்டணம் 40 டாலர், வகுப்பு நான்கு முதல் ஆறு மணி நேரம். சுடும் தேர்வு 3, 7, 15 கஜத்தில் 50 தோட்டா, 250க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. அதைப் பாக்கெட் பிஸ்டலால் எழுதாதீர்கள். பெரிய 9 மி.மீ. ஒன்றை வாடகைக்கு எடுங்கள். 30.06 பலகை (உரிமம் உள்ளவரும் துப்பாக்கியை மறைத்துக் கொண்டுவரக் கூடாது என்ற அறிவிப்பு), மதுக்கடைகளின் சிவப்பு 51% பலகை இவற்றைப் பார்த்தால் உள்ளே கொண்டுபோகக் கூடாது. தபால் நிலையத்துக்கு அதன் பார்க்கிங் உட்பட மத்தியத் தடை உண்டு. பெர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்கு வேட்டியில் கிளம்பும் நாளில் பாக்கெட்டே இல்லை என்பதால் பிரச்சினையும் இல்லை: வீட்டில் பூட்டி வைத்துவிட்டுப் போங்கள். கார் டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் போவது திருடனுக்குப் பரிசு கொடுப்பது.

எச்-1பி, எல்-1, எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகவேண்டாம். குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியக் குற்றம்; ரேஞ்சில் வாடகைக்கு எடுப்பதும் அதில் அடங்கும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, அவற்றை வழக்கறிஞரிடம் கேட்டே நம்புங்கள். பச்சை அட்டைக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை.

பாக்கெட்டிலிருந்து வெளியே வந்த துப்பாக்கி ஒன்று உங்கள் கையில் அல்லது சுவரில் பொருத்திய விரைவுப் பூட்டுப் பெட்டியில் இருக்க வேண்டும். அலமாரியின் மேல்தட்டு, பீரோவில் புடவை அடியில், கட்டில் மெத்தைக்குக் கீழ் என்பதெல்லாம் ஒன்பது வயதுப் பையன் எட்டாத இடங்கள் அல்ல. 17 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை நிரப்பிய துப்பாக்கியை எடுக்கும்படி விடுவது டெக்சஸில் குற்றம். மனைவியோடு சேர்ந்து பெட்டி வைக்கும் இடத்தை முடிவுசெய்யுங்கள். திறக்கும் முறை அவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

பணப்பை விஷயம்: மூடும் நேரத்தில் இரண்டு பேராக வெளியே வர முடியுமா, பணத்தைப் பகலிலேயே வங்கியில் போட முடியுமா என்று பாருங்கள். பையைக் கேட்டு யாராவது துப்பாக்கியை நீட்டினால் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே நீட்டிய துப்பாக்கியை, பாக்கெட்டிலிருந்து உருவி முந்த முடியாது. எப்போது சுடலாம், எப்போது கூடாது என்பதற்கு டெக்சஸ் தண்டனைச் சட்டத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தை உங்கள் வழக்கறிஞரோடு ஒருமுறை உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

கடைசியாக, ரேஞ்சுக்கென்று தனிப் பை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகும் பையில் அதை ஒருபோதும் கலக்காதீர்கள். 2023இல் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 6,700க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் பிடிபட்டன. பெரும்பாலானோர் சொல்வது "மறந்துவிட்டேன்" என்பதுதான். இங்கே அபராதத்தோடு போகலாம். சென்னை விமான நிலையத்தில் பையின் மூலையில் ஒற்றைத் தோட்டா கிடந்தாலே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரும். தெரியாமல் இருந்தது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்கலாம்தான், ஆனால் விடுமுறை அதிலேயே போய்விடும். பெட்டி கட்டுமுன் ஒவ்வொரு பாக்கெட்டையும் உள்ளே வெளியே திருப்பி உதறிப் பாருங்கள், நீங்கள் போட்டுக்கொண்டு கிளம்பும் பேன்ட் உட்பட.